வயிற்றில் ரத்தக்குழாய் வீக்கம், இதயத்துக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் ஏன்?

செந்தூல் பையன்:
அப்பாவுக்கு 71 வயது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது பெருந்தமனி 5.6 சென்டிமீட்டருக்கு வீங்கியிருப்பது தெரிந்தது. ஆபரேஷன் என்கிறார்கள், சரி. அதற்கு முன் இதயத்துக்கு எக்கோ, கழுத்துக்கு டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவோ "நெஞ்சு வலியே வந்ததில்லை, வெள்ளி கறக்கிறார்கள்" என்று பிடிவாதம். உண்மையிலேயே தேவையா?

பட்டர்வொர்த் அக்கா (பழைய நர்ஸ்):
தேவைதான் தம்பி. அந்தக் குழாய் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அகலம்தான், ஆண்களுக்கு 5.5 தொட்டால் ஆபரேஷன் பேச்சு வரும். அதைக் கெடுத்த சிகரெட்டும் பிரஷரும் இதயக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா? அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்த 1000 பேருக்கு ஆஞ்சியோகிராம் செய்து 1984இல் வெளியிட்டார்கள், வயிற்று வீக்கக்காரர்களில் 31 சதவீதம் பேருக்கு இதயத்தில் கடுமையான அடைப்பு. வலி இல்லை என்கிறாரே, முதலில் அப்பா எவ்வளவு நடக்கிறார்?

செந்தூல் பையன்:
முட்டி வலி அக்கா. இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படியும் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டார்.

பட்டர்வொர்த் அக்கா:
அப்புறம் வலி எங்கிருந்து வரும்? இதயத்துக்கு வேலை கொடுத்தால்தானே அது புகார் சொல்லும். உட்கார்ந்தே இருப்பவரின் "வலி இல்லை"யை நம்பி மயக்க ஊசி போட முடியாது.

ஈப்போ ரோடு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அடைப்பு தெரிந்தவுடன் ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 2004இல் வந்த கார்ப் (CARP) என்ற அமெரிக்க ஆய்வில் ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்த 510 பேரைப் பார்த்தார்கள், இப்படி ஆபரேஷனுக்கு முன்னாலேயே பைபாஸோ ஸ்டென்டோ செய்தவர்கள் அதனால் கூடுதலாகப் பிழைக்கவில்லை. என் சித்தப்பாவுக்கு ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரைதான், வயிற்றைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் வைத்தார்கள். கழுத்து ஸ்கேன் மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான், எல்லோருக்கும் கட்டாயம் இல்லை, ஆனால் கை மரத்ததா, பேச்சு குழறியதா, ஒரு கண் கொஞ்ச நேரம் இருட்டியதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்பாக்கள் சொல்ல மாட்டார்கள்.

செந்தூல் பையன்:
கேட்டேன். போன மாதம் சாப்பிடும்போது வலது கை வராமல் கரண்டி விழுந்ததாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை!

பட்டர்வொர்த் அக்கா:
அது பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காதே, இன்றே டாக்டரிடம் சொல். பணம்தான் இடிக்கிறதென்றால் கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ. மறுபடி கை வராமலோ வாய் கோணியோ போனால் 999க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வயிறோ முதுகோ திடீரென்று பிளக்கிற மாதிரி வலித்தால் வீங்கிய குழாய் வெடித்திருக்கலாம், அதற்கும் அதே எண்தான். ஆமாம், அப்பாவுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல், இது குடும்பத்தில் வரும்.