தீப்பிடித்த கடைக்குக் கைகொடுத்த அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

எங்கள் நங்கநல்லூர்த் தெருமுனையில் இருந்த அண்ணாச்சி கடை போன வருஷம் ஒரு ராத்திரியில் எரிந்துபோனது. ஃப்ரீசருக்குப் பின்னால் இருந்த பழைய வயரிங்கில் ஷார்ட் சர்க்யூட். சூடம், தீப்பெட்டி, எண்ணெய் டின் எல்லாம் ஒரே சுவரை ஒட்டி இருந்ததால், தீயணைப்பு வண்டி வருவதற்குள் பாதிக் கடை போய்விட்டது. மிச்சம் தண்ணீரிலும் புகையிலும் வீணானது. அண்ணாச்சி, அவர் மனைவி, தங்கை மகன் என்று ஒரே குடும்பம் உழைத்த கடை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

விடிந்ததும் தெருப் பையன்கள் விளக்குமாறும் சாக்குமாக வந்து நின்றார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தியதுதான் நாங்கள் செய்த முதல் உதவி. நஷ்டத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் பார்க்கும் முன் கரிந்ததை அள்ளிவிட்டால், என்ன எரிந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது. ரேக் ரேக்காகப் போனில் படம் எடுத்தோம்.

“இன்சூரன்ஸா? நான் எதுவும் போடலியே தம்பி” என்றார் அண்ணாச்சி. ஆனால் சரக்கின் பேரில் அவருக்கு வங்கிக் கடன் இருந்தது. பாஸ்புக்கைப் புரட்டினால், வருஷா வருஷம் தீ காப்பீட்டுக்குப் பிரீமியம் கழித்திருக்கிறார்கள்! சரக்கை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் வங்கிகள் பாலிசியைத் தாங்களே எடுத்துக் கணக்கில் கழிப்பது உண்டு. உங்கள் சொந்தத்தில் யாராவது கடை வைத்திருந்தால் இன்றைக்கே பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காகித வேலை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது, தீயணைப்புத் துறையின் அறிக்கை, வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தகவல். கொள்முதல் பில்கள் கடையோடு போயிருந்தன. கோயம்பேட்டு மண்டியிலும் ஏஜென்சிகளிலும் கேட்டு நகல் வாங்கினோம். இவ்வளவு செய்தும் முழுப் பணம் வரவில்லை. பாலிசி 4 லட்சத்துக்கு, கடையில் இருந்த சரக்கு 6 லட்சத்துக்கு. இப்படிக் குறைத்துப் போட்டிருந்தால் நஷ்டத்தையும் அதே விகிதத்தில்தான் தருவார்கள். 4.5 லட்சம் நஷ்டத்துக்கு 3 லட்சம். அதுவும் நேராகக் கடன் கணக்குக்குப் போனது. ரேக், ஃப்ரீசர், தராசு எதுவும் பாலிசியிலேயே இல்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வசூல் செய்து கொடுக்கலாம் என்றார்கள். அண்ணாச்சி வாங்க மறுத்துவிட்டார். “சும்மா வாங்கிட்டு நாளைக்கு அந்தக் கல்லால எப்படி தம்பி உக்காருவேன்?” எதிர்வீட்டு மாமிதான் வழி சொன்னார்: “நன்கொடை வேண்டாம், மாசச் சாமானுக்கு முன்பணமா வாங்கிக்கோங்கோ.” அதற்குச் சம்மதித்தார். புது நோட்டு ஒன்று போட்டு, யார் வீட்டிலிருந்து எவ்வளவு என்று அவரே எழுதிக்கொண்டார். ரேக்குக்கும் முதல் லோடு சரக்குக்கும் அந்தப் பணம்தான். கடைக்காரருக்கு உதவ நினைப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். கணக்கில் ஏறுகிற பணத்தை அவர்கள் நிமிர்ந்து நின்று வாங்குவார்கள்.

பழைய பற்று நோட்டும் எரிந்திருந்தது. பலர் தாங்களாகவே வந்து பாக்கியைச் சொல்லிக் கட்டினார்கள். சிலர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. அவர்களைப் பற்றி அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் கோபம் தீரவில்லை.

*

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதற்கு மொய் விருந்து இருக்கிறது: பணம் தேவைப்படுகிறவர் விருந்து வைப்பார், வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். என் சித்தப்பாவின் மாவு மில் எரிந்தபோது காப்பீடு எதுவும் கிடையாது. மோட்டார், பெல்ட், கூரை எல்லாம் போச்சு. பொதுவாக ஒருவர் விருந்து வைத்தால் மறுபடி வைக்கச் சில வருஷம் ஆகும். அவர் முறை இன்னும் வரவில்லை. அந்த ஆடியில் விருந்து வைக்க இருந்த பங்காளிகள், விருந்து அழைப்பிதழில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். கறிச்சோறு, ஒவ்வொருவருக்கும் தனி மொய் நோட்டு, எழுத ஆள், பணம் எண்ண மெஷின். வட்டி கிடையாது. ஆனால் கொடுத்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்தும் செய்ய வேண்டும். அதில் ஒளிவுமறைவே இல்லை.

அதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஊரே நொடித்துப்போனால் மொய்யும் சுருங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு அதைக் கண்ணால் பார்த்தோம். அதனால் சித்தப்பா இப்போது மில்லுக்குக் காப்பீடும் போட்டிருக்கிறார். பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று 2021 ஏப்ரலில் வந்த பாலிசி. ஓர் இடத்தில் இருக்கும் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கானது. கட்டடம், இயந்திரம், சரக்கு மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி கல்லாவில் இருந்த நோட்டுகள் என்ன ஆயின?

*

நங்கநல்லூர்க்காரன்தான். நல்ல கேள்வி. ரொம்பக் கருகி உதிர்கிற நோட்டை வங்கிக் கிளைகளில் மாற்ற மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட கட்டைப் பிரிக்காமல் டப்பாவில் வைத்து நாங்கள் கொண்டுபோனோம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி. கட்டின் நடுவில் இருந்தவை தப்பின, ஓரத்தில் இருந்தவை போயின.

கடை திறந்தாச்சு. சூடமும் தீப்பெட்டியும் எண்ணெயை விட்டுத் தனி ரேக்கில், வயரிங் முழுக்கப் புதுசு, மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் ஈ.எல்.சி.பி.யும் போட்டாச்சு. முன்பணம் கொடுத்த சில வீடுகளுக்கு இன்னும் கணக்கு தீரவில்லை. மாசச் சாமானில் கழித்துக்கொண்டே வருகிறார்.