கெந்திங் இறக்கத்தில் நின்ற எஞ்சின்: எக்சாஸ்ட் பிரேக் மாட்டியவர்கள் வாருங்கள்

பழைய போமேன்:
1998. பத்துமலைப் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் நான் கையாள். பழைய ஹினோ பஸ் ஒன்றுக்கு எக்சாஸ்ட் பிரேக் மாட்டினோம், புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே பஸ்ஸை மெதுவாக்குகிற பிரேக். குழாயை மூடுகிற பட்டர்ஃபிளை தகடு, அதைத் தள்ளும் காற்று சிலிண்டர், காற்றைத் திறந்துவிடும் 24 வோல்ட் சோலினாய்டு, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். ஆக்சிலேட்டர் சுவிட்சை முதலாளி தௌக்கே வைத்தார். கிளட்சை மிதித்ததும் எக்சாஸ்ட் பிரேக்கை வெட்டுகிற கிளட்ச் சுவிட்ச் என் பொறுப்பு. பிராக்கெட் லேசாக வளைந்திருந்தது. பெடலைக் கையால் கடைசிவரை அமுக்கினேன், டிக் என்றது. சரி, போதும் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலி பஸ்ஸோடு கெந்திங் மலை. டிரைவர் அங்கிள் பக்கத்தில் நான். கோத்தோங் ஜெயா தாண்டி இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றக் கிளட்சை மிதித்தார். அவர் தரைவரை மிதிக்கிற ஆள் இல்லை. சுவிட்ச் வெட்டவில்லை, பட்டர்ஃபிளை மூடியபடியே இருந்தது, எஞ்சின் நின்றுவிட்டது. டயர் சத்தம் மட்டும்தான். ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது, முன்னால் இடது வளைவு. கண்ணாடி ஓரம் தொங்கிய தே ஓ (பால் இல்லாத தேநீர்) பை வலப்பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அங்கிள் மூன்றிலேயே போட்டுக் கிளட்சை விட்டார். சக்கரம் எஞ்சினைச் சுழற்றியது, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. கீழே வந்து நிறுத்தி, தே ஓவை உறிஞ்சி முடித்தார். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

தீவுக்காரன்:
எனக்கு இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தில். பினாங்கில் துன் சர்டோன் சாலை, பாலேக் பூலாவ் போகிற வழி, பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். பட்டர்ஃபிளை மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது. காற்று இறங்கிவிட்டது, ஆனால் ஸ்பிரிங்கால் இழுக்க முடியவில்லை. பஸ் மூச்சு வாங்குகிறது, பின்னால் மோட்டார்காரர்கள் ஹாரன். சுத்தியலோடு கீழே படுத்து லீவரில் ஒரு தட்டு. புஸ்ஸென்று கரி முழுக்க என் முகத்தில். பிள்ளைகள் கைதட்டின.

எவனோ பட்டர்ஃபிளையின் ஷாஃப்ட்டுக்குச் சாதா கிரீஸ் போட்டிருந்தான். அந்தச் சூட்டில் அது தார் ஆகாமல் என்ன செய்யும்?

மூன்றாம் கியர்:
பழைய போமேன் அண்ணே, எல்லாப் பழியையும் சுவிட்ச் மேல் போடாதீர்கள். பட்டர்ஃபிளை முழுசாக மூடியிருக்கும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் நின்றது. தகடு முழுக்க அடைக்கக் கூடாது, கொஞ்சம் கசிய வேண்டும். அதற்குத்தான் ஸ்டாப் திருகு இருக்கிறது, சில தகடுகளில் ஓட்டையே போட்டிருப்பார்கள். இதைப் பார்க்காமல் 'நல்லா பிடிக்கணும்' என்று இறுக்குகிற போமேன்களை, அதாவது மெக்கானிக்குகளைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடைபட்ட புகையின் பின்னழுத்தம் ஏறினால் எக்சாஸ்ட் வால்வை அதன் ஸ்பிரிங்குக்கு எதிராகவே தள்ளித் திறந்துவிடும். திறந்து திறந்து அடித்தால் வால்வு உட்காரும் சீட் போச்சு. பழைய எஞ்சினில் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஆகையால் பட்டர்ஃபிளைக்கு முன்னால் குழாயில் ஒரு கேஜ் மாட்டுங்கள், அனுமதித்த அதிக சுற்றில் அழுத்தம் பாருங்கள், எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவைத் தாண்டினால் திருகைத் திருப்புங்கள். காதால் கேட்டு வைக்கிற வேலை இல்லை இது. கிளட்ச் சுவிட்ச், பெடலின் சும்மா ஆட்டம் முடிகிற இடத்திலேயே வெட்ட வேண்டும். கையால் அமுக்காதீர்கள், டிரைவரையே உட்காரவைத்து மிதிக்கச் சொல்லுங்கள்.

என் கதை? பெந்தோங்கிலிருந்து வரும்போது கராக் சாலையில் மழை, காலி பஸ், எக்சாஸ்ட் பிரேக் போட்டேன், வால் வீசியது. அவ்வளவுதான். மழையில் காலி பஸ்ஸுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

டிரைவர் கோலாலம்பூர்:
நான் மாட்டியதில்லை, ஓட்டியதுதான். 2013 ஆகஸ்ட் 21-இல் கெந்திங் பள்ளத்தில் பஸ் விழுந்து 37 பேர் போனார்களே, அதற்கு அடுத்த வாரம். முன்சீட்டில் ஓர் அக்கா மலை முழுக்க என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாம் கியர், எக்சாஸ்ட் பிரேக், என் கால் தரையில். "டிரைவர், பிரேக்கில் காலை வைங்க!" என்று கத்திவிட்டார். பிரேக் டிரம் சூடாகாமல் இருக்கத்தான் காலை எடுத்திருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? காலைச் சும்மா பெடல் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அமைதியானார்.

ஃபீலர் கேஜ்:
மேலே உள்ளதெல்லாம் எக்சாஸ்ட் பிரேக். ஜேக் பிரேக் வேறு சாதி. அது எஞ்சின் வால்விலேயே வேலை செய்வது: அமுக்கிய காற்றை, பிஸ்டன் மேலே வந்ததும் எக்சாஸ்ட் வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடும். கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் அமெரிக்காவில் ஒரு மலை இறக்கத்தில் பிரேக் போய் உயிர் தப்பியவர். அதை மறக்காமல் யோசித்துச் செய்தது இது. 1961-இல் ஜேக்கப்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கம்மின்ஸ் எஞ்சின் போட்ட பழைய பஸ் ஒன்றில் மாட்டினேன். எஞ்சின் ஆறிய பிறகு, வால்வு இடைவெளி முதலில், அப்புறம் வால்வைத் தள்ளித் திறக்கும் ஸ்லேவ் பிஸ்டனின் இடைவெளி, ஒழுங்காகத்தான் செய்தேன். நாலாம் சிலிண்டரில் லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே திரும்பிவிட்டது. மறுபடி அளக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் அருமை. சுங்கை பீசி டோலில் சூடான பிறகு தடக்... தடக்... என்று ஆட்டம். வால்வு சரியாக உட்காரவே இல்லை. டோல்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பழைய போமேன்:
மூன்றாம் கியர் தம்பி, ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்று, சரியாக இருந்தது. நானே வைத்தேன். சுவிட்ச்தான்.

மூன்றாம் கியர்:
ஸ்டாப் திருகைப் பார்த்தீர்களா?

பழைய போமேன்:
பார்க்கவில்லை.

தீவுக்காரன்:
24 வோல்ட் சோலினாய்டு பட்டர்வொர்த் பக்கம் எங்கே கிடைக்கும்? என்னுடையது மறுபடி மக்கர்.

டிரைவர் கோலாலம்பூர்:
பழைய வண்டிகளை வெட்டி உதிரி விற்கிற ஹாஃப்-கட் கடையில் மட்டும் வாங்காதே அண்ணே.