தெருவில் திருட்டு: கேமராவா, ரோந்தா?

ராக்கோழி: ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு திருட்டு என்றால் கேமராதான் வழி. ரோந்தால் பெட்ரோல்தான் செலவு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73ல் 15 பகுதிகளில் சோதித்தார்கள்: ஐந்தில் ரோந்தே கிடையாது, ஐந்தில் வழக்கம்போல், ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. குற்றத்தில் சொல்லும்படி மாற்றமே இல்லை.

நாற்சந்தி: பாதிக் கதையைச் சொல்லாதீங்க. அது பரவலான கார் ரோந்து. அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபொலிஸில் போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி, சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்தன. ரோந்து போக வேண்டியது அங்கேதான். வண்டியை விட்டு இறங்கி 10-15 நிமிடம் நின்று, கிளம்பி, நேரம் மாற்றித் திரும்ப வரணும். தினமும் பத்து மணிக்கே வந்தால் திருடன் பத்தேகாலுக்கு வருவான்.

ராக்கோழி: போலீஸ் போன பிறகு யார் சாட்சி?

நாற்சந்தி: உங்க கேமராவும் இல்லை. முகம் அடையாளம் தெரிய, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும். 1920 பிக்சல் அகலமுள்ள ஃபுல் எச்டி கேமராவுக்கு அது ஏழரை மீட்டர் அகலம்தான். மொத்தத் தெருவையும் ஒரே கேமராவில் அடக்கினால் நடமாட்டம் தெரியும், ஆள் தெரியாது. மாடி உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான். பக்கத்துச் சுவர் நெருக்கமாக இருந்தால் ராத்திரி கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படமே வெளுத்துப்போகும். ரெக்கார்டர் கடிகாரத்தை யாராவது சரிபார்க்கிறார்களா?

பூட்டுசாவி: திருடு போன வீட்டை இரண்டு பேருமே மறந்துட்டீங்க. அடுத்த சில வாரங்களில் அதிக ஆபத்து அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான். உள்ளே போகும் வழி அவனுக்கு அத்துப்படி. போன டிவிக்குப் பதில் புதுசும் வந்திருக்கும். இங்கிலாந்தில் ராச்டேலின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களில் இதைத்தான் பிடித்தார்கள். காசு போடும் மின் மீட்டர்களைக் கழற்றினார்கள், பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள், திருடு போன வீட்டைச் சுற்றி ஆறு வீட்டாரைக் கண் வைக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டில் வீடு புகுந்து திருடுவது முக்கால்வாசி குறைந்தது.

முதலில் கதவு நிலையைப் பாருங்க. பூட்டு நாக்கு நுழையும் தகட்டை முக்கால் அங்குலத் திருகாணியில் முடுக்கியிருந்தால், பூட்டு எவ்வளவு விலையானாலும் ஒரே உதையில் தகடு பிய்ந்துவரும். மூன்று அங்குலம் போடுங்க.

ராக்கோழி: அப்ப ஆறு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும்ங்கிறீங்க?

பூட்டுசாவி: "சந்தேகமா ஒருத்தன் நிக்கிறான்" என்று போட்டால் கூரியர் பையன்தான் அடி வாங்குவான். நேரம், உடை, வண்டி எண், போன திசை எழுதணும். விரட்டாமல் ஸ்டேஷனுக்குச் சொல்லணும்.

ராக்கோழி: சரி, வாசலுக்கு நேராக ஒரே ஒரு கேமரா. அதை விட்டுத்தர மாட்டேன்.

நாற்சந்தி: இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டுங்க. ரெக்கார்டர் கடிகாரம் சரியாக இருப்பதும் முக்கியம்.