புதிய அலை: காரணம் கேமராவா, காசா?

நான்காம்வரிசை:
பிரெஞ்சு புதிய அலை (1950-களின் கடைசியில் இளம் இயக்குநர்கள் கிளப்பிய திரைப்பட இயக்கம்) பற்றி எங்கே படித்தாலும் ஒரே பல்லவி: கனம் குறைந்த கேமரா வந்தது, தெருவில் இறங்கினார்கள், ஜம்ப் கட் (காட்சி நடுவிலேயே தாவுவது போன்ற வெட்டு) பிறந்தது. ஆனால் கையில் தூக்கும் கேமராக்களில் ஆரிஃப்ளெக்ஸ் 1937-லேயே இருக்கிறது, காமெஃப்லெக்ஸ் 1947-ல் வந்துவிட்டது. அப்புறம் ஏன் 1959 வரை ஆனது? செக், ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் அலைகள் எல்லாம் பாரிஸைப் பார்த்து எழுதியவைதானா? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: ஒரே படத்துக்கு ஒரு டிஸ்க்கில் 90 நிமிடம், இன்னொன்றில் 86 என்று போட்டிருக்கிறார்கள். வெட்டிவிட்டார்களா?

சுருள்பெட்டி:
கேமராவை விட பிலிம்தான் முக்கியம். கோதாரின் ‘பிரெத்லெஸ்’ (1960) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் ரவூல் கூதார், இரவுத் தெருவை விளக்கு வைக்காமல் எடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய வேகத்தில் (ஒளியுணர்வில்) சினிமா பிலிம் கிடைக்கவில்லை. புகைப்படக்காரர்களுக்காக இல்ஃபோர்டு விற்ற எச்.பி.எஸ். பிலிமை எடுத்தார்கள். அதன் வேகம் 400. தனி டெவலப்பரில் கழுவி 800 வரை தள்ளினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அது 17.5 மீட்டர் சுருளாகத்தான் வரும். 24 பிரேம் வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 38 விநாடி. அதனால் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டி மேகசினில் (கேமராவின் பிலிம் பெட்டியில்) ஏற்றினார்கள். ஸ்டில் பிலிமின் ஓரத் துளைகள் ஸ்டுடியோக்களின் மிட்செல் கேமராவுக்கு ஒத்துவராது, காமெஃப்லெக்ஸுக்கு ஒத்துவந்தது. அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். கனத்தை மட்டும் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்குக் கொடுத்த விலை ஒலி. காமெஃப்லெக்ஸ் ஓடினால் தையல் இயந்திரம் மாதிரி சத்தம். சத்தத்தை அடக்க உறை போட்டால் கையில் தூக்க முடியாது. ஆகவே வசனம் முழுக்க டப்பிங். கோதார் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தைச் சொல்லிக்கொடுத்தபடியே படம் எடுக்க முடிந்தது இதனால்தான். த்ரூஃபோவின் ‘400 புளோஸ்’ (1959) படத்திலும் பெரும்பகுதி டப்பிங்தான். சிறுவனை உளவியலாளர் கேள்வி கேட்கும் காட்சி விதிவிலக்கு, அது நேரடி ஒலி (படம் பிடிக்கும்போதே பதிவானது). அந்த ஒரு காட்சியில் குரலும் அறையும் ஒட்டி நிற்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

ஜம்ப் கட் பற்றி: படம் நீண்டுவிட்டது. காட்சிகளை முழுசாகத் தூக்காமல், காட்சிக்கு உள்ளேயே வெட்டினார் கோதார். கார் பயணத்தில் நடிகை ஜீன் செபர்கின் பின்கழுத்து அப்படியே இருக்கும், பின்னணித் தெரு மட்டும் தாவும். நாயகன் பெல்மோந்தோவின் பேச்சு தாவாமல் போய்க்கொண்டிருக்கும். டப்பிங் என்பதால்தான் இந்தத் தாவல் தாங்குகிறது. நேரடி ஒலியில் இப்படி வெட்டினால் போக்குவரத்துச் சத்தமும் சேர்ந்து துள்ளும், பார்ப்பவருக்கு ரீல் அறுந்த மாதிரி இருக்கும்.

எடிட்டிங்மேசை:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். தோளில் கேமரா, கூடவே நேரடி ஒலி என்ற சேர்க்கை கதைப்படத்திலிருந்து வரவில்லை, ஆவணப்படத்திலிருந்து வந்தது. ழான் ரூஷும் எட்கார் மொரானும் எடுத்த ‘க்ரானிக் ஆஃப் எ சம்மர்’ (1961) படத்தில் எக்லேர் நிறுவனத்தின் 16 மி.மீ. சோதனைக் கேமராவும் குடெல்ஸ்கியின் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியும் சேர்ந்தன. பிரெத்லெஸ் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மூன்றாம்மணி:
இப்போது காசு. 1959 வரை காத்திருந்தார்கள் என்பதே முழுச் சரியில்லை. அன்யேஸ் வர்தாவின் ‘லா புவாந்த் கூர்த்’ 1955. ஷப்ரோலின் முதல் படம் 1958, அதுவும் மனைவி வழியில் வந்த சொத்துப் பணத்தில். 1959-ல் மால்ரோ பண்பாட்டு அமைச்சரானதும் வசூலுக்கு முன்பே கடனாகப் பணம் தரும் திட்டம் வந்தது. புதுமுகங்கள் படை எடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

மற்ற நாடுகளை நகல் என்று சொல்ல முடியாது, பணம் வந்த வழியே வேறு. ஜெர்மனியில் 1962 பிப்ரவரி 28 அன்று ஓபர்ஹவுசனில், புதிய ஜெர்மன் சினிமா வேண்டும் என்ற அறிக்கையில் 26 பேர் கையெழுத்திட்டார்கள். ஆனால் படம் வரக் கையெழுத்து போதவில்லை. 1965-ல் முதல் படங்களுக்கு வட்டியில்லாக் கடன் தரும் அமைப்பு வந்த பிறகே, 1966-ல் அலை கண்ணில் பட்டது. செக்கோஸ்லோவாகியாவில் நேர்மாறு: 1946-ல் தொடங்கிய ஃபாமு திரைப்படக் கல்லூரி, அரசு ஸ்டுடியோ, அரசுச் சம்பளம். பணப் பஞ்சமே இல்லை. அதை நிறுத்தியது 1968 ஆகஸ்டில் வந்த சோவியத் தலைமையிலான டாங்கிகள். ஜப்பானில் ஷோசிக்கு ஸ்டுடியோவே தொலைக்காட்சிக்கு ஈடுகொடுக்க இளைஞர்களை இயக்குநராக்கியது. 1960-ல் ஓஷிமாவின் அரசியல் படம் ஒன்றை வெளியான சில நாட்களிலேயே அதே ஸ்டுடியோ திரும்பப் பெற்றது, அவரும் வெளியேறினார். பின்னால் ஆர்ட் தியேட்டர் கில்டு என்ற நிறுவனம் ஒரு கோடி யென்னில் படம், பாதி உங்களுடையது பாதி எங்களுடையது என்று வழி காட்டியது.

பிரேசில் எனக்குப் பிடித்த உதாரணம். ‘விதாஸ் செகாஸ்’ (1963) படத்தில் பில்டர் போடாமல், நிழலில் இருக்கும் முகத்துக்கு ஒளி அளந்தார்கள். வானம் வெளுத்து எரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் அது தப்பு. வறட்சி பற்றிய படத்தில் அதுவேதான் வறட்சி. இதைப் பாரிஸ் தெருவில் யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

நான்காம்வரிசை:
நன்றி. அப்போது 1995-ல் டென்மார்க் இயக்குநர்கள் தொடங்கிய டாக்மா இயக்கம் புதிய அலையின் வாரிசு என்பது?

சுருள்பெட்டி:
ஒலி விஷயத்தில் எதிராளி என்பேன். படத்திலிருந்து பிரித்து ஒலியை உருவாக்கக் கூடாது என்பது அவர்களுடைய 10 விதிகளில் ஒன்று. அதன்படி பிரெத்லெஸ் முதல் சுற்றிலேயே வெளியே. 35 மி.மீ. கட்டாயம் என்றும் எழுதிவைத்தார்கள், ஆனால் ‘செலிப்ரேஷன்’ (1998) வீட்டு உபயோக சோனி மினி-டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) கேமராவில் எடுத்து 35-க்கு மாற்றியது. விதி திரையிடும் பிரதிக்குத்தான் என்று பொருள்கொண்டார்கள்.

உங்கள் 86 நிமிடத்தை யாரும் வெட்டவில்லை. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையின் டிஸ்க் விநாடிக்கு 24 பிரேமை 25 ஆக ஓட்டும், 4 சதவீதம் வேகம் கூடும். 90-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 86.4. குரலின் சுருதியும் கொஞ்சம் மேலே ஏறிவிடும், அதனால் 24 பிரேமில் ஓடும் புளூ-ரே கிடைத்தால் அதையே எடுங்கள். வாங்கும் முன் திரை விகிதத்தையும் (உயரத்துக்கு எத்தனை மடங்கு அகலம்) பாருங்கள்: பிரெத்லெஸ் 1.37, 400 புளோஸ் 2.35. பிரெத்லெஸ் உங்கள் டி.வி. திரையை முழுக்க நிறைத்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எச்.பி.எஸ். துகள்கள் தெரியாமல் முகம் மெழுகுபோல் வழுவழுவென்றிருந்தால் அந்தப் பதிப்பையும் தவிர்க்கலாம்.