1511க்குப் பிறகு மலாக்காவின் தமிழ் வணிகர்கள் என்ன ஆனார்கள்?

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்:
வணக்கம். படிவம் இரண்டில் படிக்கும் என் மகளுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது எழுந்த ஐயம் இது. 1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றியதையும், சுல்தான் மஹ்மூது ஷா பின்வாங்கியதையும் எல்லாரும் விரிவாக எழுதுகிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்து அங்கேயே குடியிருந்த தமிழ் வணிகர்களைப் பற்றியோ ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. போர்த்துக்கீசியர் வந்தவுடன் அவர்களுடைய வணிகம் அழிந்துவிட்டது என்று சிலர் கூறுவது சரியா? அழிந்தது உண்மையானால், பினாங்கில் பிற்காலத்தில் செழித்த சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஜார்ஜ்டவுன்காரர், பினாங்கு:
அழிந்துவிட்டது என்பது சரியன்று. அந்த ஆண்டில் பேரிழப்பு அடைந்தவர்கள் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள். செங்கடல் வழியாக வெனிசுக்குச் செல்லும் மிளகை மறிப்பதே போர்த்துக்கீசியரின் நோக்கம் என்பதால், அவ்வழியில் தொடர்புள்ள அவர்கள் பகைவராயினர். அவர்களில் பெரும்பாலோர் சுமத்ராவின் ஆச்சே முதலிய துறைமுகங்களுக்குப் பெயர்ந்தார்கள், ஆச்சே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ் இந்து வணிகர்களோ புதியவர்களின் பக்கம் நின்றார்கள். 1509இல் போர்த்துக்கீசியத் தளபதி செக்கேராவின் கப்பல்கள் தப்பியோடியபோது மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவிய நைனா சாத்து என்ற வணிகரை, வெற்றிக்குப் பிறகு அல்புகெர்க் பெண்டகாரா என்ற தலைமை அமைச்சர் பதவியில் அமர்த்தினார். போர்த்துக்கீசிய அரசரின் முதலும் அவருடைய முதலும் சேர்ந்து பர்மாவின் பெகு, பழவேற்காடு, சீனம் வரை கப்பல்கள் சென்றன. அத்துறைகளில் ஆளும் தெரியாமல் சரக்கும் தெரியாமல் இருந்த போர்த்துக்கீசியருக்கு, வழி காட்ட அவரைவிட்டால் வேறு ஆளில்லை. ஆயினும் 1514இல் அப்பதவியைப் பறித்துச் சுமத்ராவின் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசியரே எழுதி வைத்திருக்கிறார்கள். அவரை இனத்துரோகி என்று இன்று திட்டுவோரும் உண்டு. ஒரு துறைமுகத்தில் யார் ஆண்டாலும் சரக்கு நகர வேண்டும் என்று நினைத்த வணிகரை, பிற்காலத்து நாட்டுப்பற்றை வைத்து அளப்பது எனக்கு உடன்பாடில்லை.

கிள்ளான் ஆசிரியர்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கழுத்தைப் பிடித்தவர்கள் போர்த்துக்கீசியர் அல்லர், டச்சுக்காரர்களே. போர்த்துக்கீசியர் கார்த்தாஸ் என்ற கடல் அனுமதிச் சீட்டைத் திணித்தார்கள், சுங்கம் கேட்டார்கள். ஆனால் பரந்த கடலைக் காவல் காக்க அவர்களிடம் கப்பல்களும் ஆட்களும் போதவில்லை. டச்சுக் கம்பெனி வேறு வழியில் சிந்தித்தது. வாசனைப் பொருள் விளையும் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே விரும்பப்படுகிறது என்பதைக் கண்டு, துணி நெய்யப்படும் இடத்தையே பிடித்தது: 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது, 1658இல் நாகப்பட்டினம் விழுந்தது. இடையில், 1621இல், ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளின் மக்களை டச்சுத் தலைமை ஆளுநர் கூன் கொன்றும் அடிமைகளாக்கியும் தீவுகளையே வெறுமையாக்கினார். 1641இல் ஜொகூரின் துணையோடு மலாக்காவும் டச்சு வசமாயிற்று. துணியை வாங்குவோனும் ஜாதிக்காயை விற்போனும் ஒரே கம்பெனியான பிறகு, நடுவில் இருந்த சோழமண்டல வணிகருக்குக் கம்பெனிக்குத் துணி திரட்டிக் கொடுக்கும் தரகு வேலையே மிஞ்சியது.

அந்த வலைக்குள் சிக்காதவர்கள் மலாய் நாட்டின் கடாவிலும் பேராக்கிலும், ஆச்சேயிலும் கால் ஊன்றிய தமிழ் முஸ்லிம்கள். துணி கொண்டுபோய், வெள்ளீயமும் யானைகளும் ஏற்றி வந்தார்கள். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கைத் தொடங்கியபோது சூலியாக்கள் கடாவிலிருந்தே வந்து சேர்ந்தார்கள். ஆகவே அவர்கள் புதிதாக முளைத்தவர்கள் அல்லர்.

ஜார்ஜ்டவுன்காரர், பினாங்கு:
ஆசிரியர் சொன்னது சரியே. மலாக்காவிலேயே தங்கிவிட்ட இந்து வணிகரின் வழியினர் இன்றைய மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய் பேசினாலும் சைவ வழிபாட்டை விடாத அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில், 1781இல் டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டது. மலாக்காவுக்குப் போனால் மகளுக்கு அதைக் காட்டுங்கள்.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்:
இருவருக்கும் நன்றி. பள்ளி விடுமுறையில் போவதாக இருக்கிறோம். டச்சு ஆட்சியில் துணி திரட்டிய அந்தத் தரகர்களைப் பற்றி அறிந்தவர்கள் இருந்தால் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.