புதுப்பிப்பு: நாய் எலி மருந்து தின்றுவிட்டால், வழியில் கவனிக்க வேண்டியவை

லயத்தில் (தோட்ட வரிசைக் குடியிருப்பில்) வைத்த எலி மருந்தை நாய் தின்றால் தாமதிக்காமல் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். எந்த மருந்து என்பதைப் பொறுத்து வழியில் செய்வதும் மாறும். அதை இங்கே சேர்க்கிறேன். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மருந்து வந்த பக்கெட்டில் உள்ள பெயரைப் பாருங்கள்.

சிங்க் பொஸ்பைட் என்றிருந்தால் பாலோ சோறோ கொடுக்கவே வேண்டாம். சாப்பாடு போனால் வயிற்றில் அமிலம் கூடும், அதோடு சேர்ந்து பொஸ்பீன் நச்சுவாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருப்பவரையும் தாக்கும். எவ்வளவு குளிரானாலும் வேன் கண்ணாடிகளைத் திறந்தே வையுங்கள். இதற்கு முறிவு மருந்து கிடையாது.

இரத்தத்தை உறையவிடாத வகைதான் ஆளை ஏமாற்றும். மூன்று முதல் ஐந்து நாள் வரை நாய் ஓடியாடித் திரியலாம். பிறகு முரசு (பல் ஈறு) வெளிறும், மூச்சு வாங்கும். வைத்தியர் தரும் விட்டமின் கே1 சில கிழமைகளுக்கு ஓடும். தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால் உள்ளே மறுபடி இரத்தம் கசியும். கடைசி வேளைக்குப் பின் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த உப்பே மூளையைத் தாக்கும்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகிறவர்கள் கிளம்புமுன்னே தொலைபேசியில் நாயின் எடை, தின்ற நேரம், மருந்தின் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். பக்கெட்டும் கையில் இருக்கட்டும்.