எக்சாசர்பேஷன்: நோய்ச்சீற்றமா, நோய்க்கடுப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் வைத்துப் படிக்க ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் நோய். இன்ஹேலரை எப்படி இழுப்பது, உதட்டைக் குவித்து மூச்சு விடுவது எப்படி, எவ்வளவு நடக்கலாம், எல்லாம் தமிழில் வந்துவிட்டது. 'எக்சாசர்பேஷன்' மட்டும் வரவில்லை. மூன்று வாரமாக அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. உங்களிடம் கொண்டுவருகிறேன்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நோயாளிக்கு இருமலும் சளியும் இரைப்பும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது அவருக்கு வழக்கம். சில நாட்களில் அந்த வழக்கம் உடைகிறது. நேற்றுவரை மாடிப்படி ஏறியவர் குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறார். வெள்ளையாக வந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடுகிறது. பெரும்பாலும் வைரஸ் அல்லது பாக்டீரியாத் தொற்று. சில நேரம் காற்று மாசு. சில நேரம் காரணம் பிடிபடுவதே இல்லை. மருந்து கொடுத்தால் மெல்லத் தணியும். இப்படி வந்து தணியும் ஒவ்வொரு தடவையும் ஓர் எக்சாசர்பேஷன். கனடாவின் அந்தோனிசன் குழுவினர் 1987-இல் மூச்சுத்திணறல், சளியின் அளவு, சளியில் சீழ் ஆகிய மூன்றையும் கொண்டு இதை வகைப்படுத்தினார்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று முடிவெடுக்க இன்றும் அந்த மூன்றைத்தான் கேட்கிறோம்.

இப்போது பல இடங்களில் 'தீவிரமடைதல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. 'அக்யூட்' என்பதற்கும் 'தீவிர', 'சிவியர்' என்பதற்கும் 'தீவிர' என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம். மூன்றும் ஒரே வரியில் வந்தால் தீவிரத்தின் மேல் தீவிரம் ஏறி வாக்கியமே நசுங்கிவிடுகிறது. இந்த நோயில் லேசான எக்சாசர்பேஷனும் உண்டு. அதை 'லேசான தீவிரமடைதல்' என்று எழுதிப் பாருங்கள். இன்னொன்று, 'தீவிரமடைதல் வந்தது' என்று யாரும் பேச மாட்டார்கள். 'மாரடைப்பு வந்தது' என்று எவ்வளவு இயல்பாகச் சொல்கிறோம்! வந்தது, போனது, போன வருடம் இரண்டு தடவை வந்தது என்று எண்ணிச் சொல்லத் தோதான பெயர்ச்சொல் வேண்டும்.

'நோய் முற்றுதல்' என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். அது நிச்சயமாகத் தவறு. முற்றியது திரும்பாது. இது பெரும்பாலும் திரும்பும்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். லண்டனில் யாட்விகா வெட்சிகா என்ற ஆய்வாளரின் குழு செய்த வேலையைச் சொன்னால் விளங்கும். கிழக்கு லண்டனில் இந்த நோயாளிகளிடம் ஆளுக்கொரு நாட்குறிப்பு அட்டையைக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஊதுமானியில் ஊதி அளவைக் குறிக்க வேண்டும். மூச்சு, சளி, இருமல், தொண்டைவலி எது கூடியிருந்தாலும் எழுத வேண்டும். 1998-இல் வெளிவந்த ஆய்வில் 70 பேரை ஓராண்டு பின்தொடர்ந்திருந்தார்கள். அட்டையில் பதிவான எக்சாசர்பேஷன்களில் ஏறத்தாழப் பாதி, நோயாளிகள் யாரிடமும் சொல்லாதவை. வீட்டிலேயே பட்டு, வீட்டிலேயே பொறுத்துக்கொண்டவை. அந்நாளைய வரையறைகள் பலவற்றில் 'கூடுதல் மருந்து தேவைப்பட்டால்தான்' அது எக்சாசர்பேஷன். மருத்துவரிடம் வராதவருக்கு மருந்தும் இல்லை, ஆகவே அவருக்கு வந்ததும் கணக்கில் இல்லை. அந்த அட்டைகள் இல்லாவிட்டால் அந்தப் பாதி நம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு 504 எக்சாசர்பேஷன்களைப் பார்த்தது. 35 நாளில் ஊதும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது முக்கால்வாசியில்தான். 91 நாள் ஆகியும் திரும்பாதவை 7 விழுக்காடு. 2002-இல் இன்னொன்று: அடிக்கடி இது வருபவர்களுக்கு, ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 40 மி.லி. குறைந்தது, எப்போதாவது வருபவர்களுக்கு 32 மி.லி. 2004-இல், சீக்கிரம் மருந்து தொடங்கியவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்றும், வந்ததைச் சொல்லாமல் விடுகிறவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அதிகம் என்றும் காட்டினார்கள். அதனால்தான் நோயாளி தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொல் வேண்டும் என்கிறேன். மூச்சு வாங்கும்போது நீளமாகப் பேச முடியாது.

என் முன்மொழிவு: நோய்ச்சீற்றம். கடல் சீற்றம் போல. சீறும், அடங்கும், கடல் இருக்கும், கரை கொஞ்சம் அரித்திருக்கும். லேசான சீற்றம், மிதமான சீற்றம், கடுஞ்சீற்றம் என்று தரம் பிரிக்கலாம். சீறல் என்பதில் மூச்சின் ஒலியும் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

மறு: எக்சாசர்பேஷன்: நோய்ச்சீற்றமா, நோய்க்கடுப்பா?

அன்புள்ள மருத்துவருக்கு,

நல்ல முயற்சி. ஆனால் வேரைப் பார்க்காமல் சொல்லாக்கம் செய்யக்கூடாது என்பது என் பழைய பிடிவாதம். இலத்தீனில் 'அசெர்புஸ்' என்றால் கடுமையான, நாவைப் பிடிக்கும் சுவையுள்ள என்று பொருள். அதிலிருந்துதான் இச்சொல் பிறந்தது. நமக்கு 'கடு' இருக்கிறது. கடுக்காய், கடுகு, கடுமை எல்லாம் அந்தக் குடும்பம். நோய்ப்பெயராகவும் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது: நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு. 'கடுத்தது', 'கடுப்பு வந்தது', 'கடுப்பு தணிந்தது' எல்லாம் இயல்பாக வரும். ஆகவே 'நோய்க்கடுப்பு' என்பதே தக்க சொல்.

சீற்றம் எனக்கு உவப்பாக இல்லை. சினத்துக்கு உரிய சொல் அது. அடிக்கடி எக்சாசர்பேஷன் காணும் நோயாளியை நாளைக்கு 'அடிக்கடி சீறுபவர்' என்று யாராவது எழுதுவார்கள். நோயின் பழி ஆளின் மேல் விழும்.

வழக்கமான நிலை என்பதற்கும் ஒரு சொல் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன். சித்த மருத்துவத்தில் நோய் நாடும்போது தன்னிலை வளர்ச்சி, வேற்றுநிலை வளர்ச்சி என்று பிரிப்பார்கள். அங்கே குற்றம், அதாவது வாதமோ பித்தமோ கபமோ, தன் இடத்தில் நிற்பதைக் குறிக்கிறது. பொருள் அப்படியே அதுவல்ல. ஆனாலும் 'தன்னிலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

---

மறு: எக்சாசர்பேஷன்: நோய்ச்சீற்றமா, நோய்க்கடுப்பா?

வணக்கம் டாக்டர். வணக்கம் ஐயா.

நான் மூச்சுநோய்ப் பிரிவில் செவிலி. இலக்கணம் எனக்கு அதிகம் தெரியாது. நோயாளிகள் போனில் பேசுவதைத் தினமும் கேட்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

கடுப்பு என்றால் அவர்களுக்கு வலி, எரிச்சல். நெஞ்சு கடுக்கவில்லையே, அப்போது இது அது இல்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. மூச்சும் சளியும்தான்.

சீற்றம் என்றால் பயந்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்கு வந்தால்தான் சீற்றம் என்று நினைப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் மெதுவாகக் கூடும்போது சொல்ல மாட்டார்கள். டாக்டர் எழுதிய அந்தச் சொல்லாத பாதி மறுபடியும் வீட்டிலேயே இருந்துவிடும்.

'இழுப்பு' என்று வைக்கலாமா என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் வலிப்பையும் இழுப்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இழுப்புச் சத்தமே இல்லாமல் சளி மட்டும் கூடி வருபவர்களும் உண்டு.

அவர்கள் சொல்வது இப்படித்தான்: 'நேத்துலேர்ந்து சளி ஏறிருச்சு சிஸ்டர்', 'மூச்சு கூடிருச்சு', 'ராத்திரி ரொம்ப ஏறுது'. கூடுறது, ஏறுறது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

---

மறு: எக்சாசர்பேஷன்: நோய்ச்சீற்றமா, நோய்க்கடுப்பா?

ஐயாவுக்கும் சிஸ்டருக்கும் நன்றி.

சிஸ்டர் மடலைப் படித்தவுடன் சீற்றத்தைக் கைவிட்டேன். அந்த உவமை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதற்காக வைத்துக்கொள்ள முடியாது. நான் மேற்கோள் காட்டிய அதே 2000-ஆம் ஆண்டு ஆய்வு சிஸ்டர் பக்கம்தான் நிற்கிறது: மூச்சுத்திணறலும் ஜலதோஷமும் தொண்டைவலியும் இருமலும் முந்திய நாட்களிலேயே கூடத் தொடங்குகின்றன. திடீரென்று எழும் அலை இல்லை இது. கையில் தரவை வைத்துக்கொண்டு எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

ஐயா, வேர்ப்பொருளில் 'நோய்க்கடுப்பு' எல்லாவற்றையும்விட நெருக்கம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நோயாளி வலிக்காகக் காத்திருப்பார் என்றால் அந்தச் சொல் அவரைத் தாமதப்படுத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை விட வேண்டியிருக்கிறது.

'ஏறிருச்சு' என்பதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். 'நோயேற்றம்' என்று வைக்கலாமா? காய்ச்சல் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, விஷம் ஏறுகிறது. உடலில் கெட்டது கூடுவதற்கு நாம் எல்லோரும் ஏற்கெனவே சொல்லும் வினை இது. படிப்படியாகவும் ஏறும், சடாரென்றும் ஏறும். இறங்கவும் செய்யும்.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது 'விலையேற்றம்' என்ற சொல். விலையேற்றம் என்றால் விலை அதிகம் என்று மட்டும் பொருளில்லை. நேற்று இருந்ததைவிட அதிகம். ஒப்பிட ஒரு பழைய நிலை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எக்சாசர்பேஷனின் உயிர்நாடி அதுதான். ஒருவருக்கு நாலு எட்டில் மூச்சு வாங்குவதே வழக்கம், இன்னொருவர் நாலு தெரு நடப்பார். அடுத்தவரோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. தன் தன்னிலையோடு ஒப்பிட வேண்டும். ஐயா கொடுத்த 'தன்னிலை' கையேட்டின் முதல் பக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டது.

ஒரு தடை எனக்கே தோன்றுகிறது. ரத்தம் ஏற்றுகிறோம், குளுக்கோஸ் ஏற்றுகிறோம். நோயேற்றம் என்றால் யாரோ நோயை ஏற்றியதுபோல் தொனிக்குமா? ஏறு, ஏற்று இரண்டுக்கும் ஏற்றம் பெயராக வருகிறது. விலையேற்றத்திலும் இதே இருபொருள் உண்டு, அங்கே யாரும் தடுமாறவில்லை. ஆனாலும் ஐயா ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும்.

'மூச்சேற்றம்' என்றால் இன்னும் எளிது என்று எண்ணினேன். அது வேண்டாம். இதயச் செயலிழப்பிலும் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பிலும் நிமோனியாவிலும் மூச்சு ஏறும். 2023-இல், இந்த நோய்க்கு உலகளவில் வழிகாட்டும் கோல்ட் அமைப்பின் அறிக்கை வரையறையைத் திருத்தியபோது, 14 நாளுக்குள் மூச்சுத்திணறலோ இருமலும் சளியுமோ மோசமாவது என்று கால எல்லை வைத்ததோடு, இந்த நோய்கள் இல்லையா என்று பார்க்கவும் வலியுறுத்தியது. மூச்சு ஏறியதெல்லாம் நோயேற்றம் ஆகாது. அதை முடிவு செய்வது எங்கள் வேலை. சொல்வது மட்டும் நோயாளியின் வேலை.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த வரிகள்:

"உங்கள் மூச்சு, இருமல், சளி வழக்கமாக எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் தன்னிலை. அதைவிட மூச்சிரைப்பு கூடினால், சளி கூடினால், சளியின் நிறம் மாறினால் அது நோயேற்றமாக இருக்கலாம். வலி இருக்க வேண்டும் என்பதில்லை. லேசாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். 'எனக்கு ஏறியிருக்கிறது' என்றால் போதும்."

சிஸ்டர், இதை நாலைந்து பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வீர்களா? 'நோயேற்றம்' என்றதும் முகத்தில் கேள்வி தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அடிக்கடி இது வருபவர்களுக்கான பெயர் இன்னும் பாக்கி. 2010-இல் வந்த எக்லிப்ஸ் ஆய்வில் 2,138 பேரை மூன்றாண்டு பார்த்தார்கள். இனி யாருக்கு வரும் என்பதை மிகச் சரியாகச் சொன்னது, முன்பு யாருக்கு வந்தது என்பதுதான். அப்படிப்பட்டவர்கள் தனி வகை. 'அடிக்கடி நோயேற்றம் காண்பவர்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஐயா அஞ்சிய பழி இதில் விழவில்லை, ஆனால் நீளம். சுருக்கித் தர முடிந்தவர்கள் தாருங்கள்.